முகம் ஒன்றுதான், கைகள்தான் வேறு வேறு

மழை பிடித்துக்கொண்டது. மூங்கில் கழியில் கைகளைக் கோத்துக் காயப்போட்ட கிமோனோ காற்றில் விரிந்து ஆடுகிறது. அதை எடுக்க ஓடி வருகிறவளின் ஒரு கால் மரச்செருப்பு கழன்று பின்தங்கிவிட்டது. திரும்பிப் போய் மாட்டிக்கொள்ள அவளுக்கு நேரமில்லை.

1765இல் எடோ நகரத்தில் (இன்றைய டோக்கியோதான்) சுசுகி ஹரூனொபு வரைந்த படம் இது. ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்கள் இரண்டு மூன்று நிறங்களிலிருந்து முழு வண்ணத்துக்கு மாறிய முதல் வருஷத்துப் படங்களில் ஒன்று. ஜப்பானிய அச்சுப் படம் என்றதும் நமக்கெல்லாம் ஹொகுசாயின் பேரலைதான் ஞாபகம் வரும். டீ சர்ட், மொபைல் கவர், காபிக் கோப்பை என்று அது ஏறாத இடமில்லை. ஆனால் அந்த வண்ண அச்சு பிறந்த வருஷத்தில் கொடியில் காய்ந்த துணிக்கும் ஒரு பங்கு இருந்தது என்பதை நான் ரொம்பத் தாமதமாகத்தான் கவனித்தேன்.

அந்தக் கிமோனோவின் பூவேலையைப் பெரிதாக்கிப் பார்த்தால் அது வெறும் பூவேலை இல்லை என்று தெரியும். எண்கள் ஒளிந்திருக்கின்றன. அக்காலத்து ஜப்பானியப் பஞ்சாங்கத்தில் சில மாதங்களுக்கு 30 நாள், சிலவற்றுக்கு 29 நாள். எது நீளம், எது குட்டை என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும். பஞ்சாங்கம் அச்சிடும் உரிமை அரசு அனுமதி பெற்றவர்களுக்கு மட்டுமே. அதனால் வசதியுள்ள சாமுராய்களும் வியாபாரிகளும் நீள மாதங்களின் எண்களைப் படத்துக்குள் ஒளித்து அச்சடித்து, புத்தாண்டுக்குத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்வார்கள். யார் படத்தில் எண்ணைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்பதில் போட்டி. செலவைப் பற்றிக் கவலைப்படாத அந்தப் போட்டிதான் வண்ண அச்சையே வளர்த்துவிட்டது. ஆக, துணி எடுக்க ஓடும் அந்தப் பெண் யாரோ சில ஆண்களின் புத்தாண்டு விடுகதை. அவள் கவலை மழை, அவர்கள் கவலை எந்த மாதம் எத்தனை நாள் என்பது.

இதில் எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. காரணம் அந்தக் கால். கழன்ற செருப்பையும், ஒரு காலில் மட்டும் மாறிப்போன நடையையும் விடுகதைக்காக யாரும் வரையத் தேவையில்லை. துணி எடுக்க ஓடியவளை ஹரூனொபு எங்கோ பார்த்திருக்கிறார்.

இந்தப் படங்களைப் பார்க்கும்போது நான் பிடித்துக்கொண்ட நூல் இதுதான். முகத்தைப் பார்க்காதே, கையையும் காலையும் பார். முகங்களில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஹரூனொபுவின் பெண்கள் எல்லோருக்கும் ஒரே சின்ன முகம். முப்பது ஆண்டு கழித்து வந்த கிடாகாவா உட்டாமாரோவின் பெண்களுக்கு ஒரே நீண்ட முகம், கோடு போட்ட மாதிரி மூக்கு, அரிசி அளவு வாய். அம்மாவும் மகளும் வேலைக்காரியும் விலைமகளும் அக்கா தங்கைகள் போலவே இருப்பார்கள். கைகளும் அழகுக்காகச் சிறுத்துப் போனவைதான், பொம்மை விரல்கள். ஆனால் அந்த விரல்களின் பிடி மட்டும் தப்பாது.

ஹரூனொபுவின் அடுத்த ஆண்டுப் படங்கள் எனக்கு இன்னும் பிடிக்கும். 1766 வாக்கில் வந்த எட்டுப் படத் தொகுப்பு, 'வரவேற்பறையின் எட்டுக் காட்சிகள்'. சீனாவில் சியாவ் - சியாங் நதிப் பகுதியின் எட்டு இயற்கைக் காட்சிகளை வரைவது பழைய மரபு: மாலைப் பனி, இரவு மழை, இலையுதிர் கால நிலா, தரையிறங்கும் வாத்துகள், கரை திரும்பும் பாய்மரங்கள், கோயிலின் மாலை மணி இப்படி. ஜப்பான் ஓவியர்கள் அதைத் தங்கள் ஊர் ஏரிகளுக்கு மாற்றி வரைந்திருந்தார்கள். ஹரூனொபு ஏரிக்கே போகவில்லை, வீட்டுக்குள் நுழைந்துவிட்டார். மாலைப் பனி என்பது கறுப்பு அரக்குப் பூசிய வாளியின் மேல் பெண்கள் இழுத்துப் போர்த்தும் வெள்ளைப் பட்டுப் பஞ்சு. நிலா என்பது தலைவாரும்போது எதிரே நிற்கும் வட்டக் கண்ணாடி. வாத்துக் கூட்டம் என்பது கோட்டோ வாத்தியத்தில் சாய்வாக வரிசைகட்டி நிற்கும் தந்திக் கட்டைகள். பாய்மரம் என்பது கொடியில் காற்றுக்கு உப்பும் துவாலை. இரவு மழை என்பது தேநீர்க் கெண்டி கொதிக்கும் ஓசை. அதைக் கேட்டபடியே கண்ணயர்ந்துவிட்டவளின் தலையில் குழந்தை குறும்பு செய்கிறது. மாலை மணிக்கு வீட்டுக் கடிகாரம்.

இதையும் சாமுராய் ஒருவர்தான் செலவு செய்து போடவைத்தார். படித்தவர்களுக்கு மட்டும் புரியும் கிண்டல் அது. மலையும் நதியும் மகத்தான பொருள்கள், வாளியும் துவாலையும் அற்பம், இரண்டையும் சேர்த்து வைப்பது வேடிக்கை என்ற எண்ணம் அதன் அடியில் இருக்கிறது. எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. அந்தப் பட்டுப் பஞ்சை நாலு மூலையும் சமமாக வரும்படி வாளி மேல் இழுப்பதற்குக் கை பழக வேண்டும். படத்திலுள்ள கை பழகியிருக்கிறது.

இனி அடுப்பங்கரைக்கு வருகிறேன். உட்டாமாரோ 1794, 95 வாக்கில் போட்ட இரட்டைப் படம் அது. இவர் பெயரைக் கேட்டால் பெரும்பாலும் பெரிதாக வரைந்த பெண் முகங்களைச் சொல்வார்கள். எனக்கு அவருடைய உச்சம் இந்தச் சமையற்கட்டுதான். வலப்பக்கத் தாளில் ஒருத்தி குத்துக்காலிட்டு மூங்கில் ஊதாங்குழலை அடுப்பில் வைத்து ஊதுகிறாள். ஊதாங்குழல் என்ற சொல்லை இங்கே உவமையாகச் சொல்லவில்லை, அந்தச் சாமானே அதுதான். புகை சுருண்டு மேலே போகிறது. அடுப்பில் ஏற்றிய பாத்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவள் கண்ணை இடுக்கி முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொள்கிறாள். இடப்பக்கத் தாளில் ஒருத்தி உட்கார்ந்து காய் சீவுகிறாள். அவள் முதுகில் ஒரு குழந்தை தொற்றிக்கொண்டு தொல்லை கொடுக்கிறது. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தையையும் சமாளிக்கிற அந்த முதுகின் வளைவைப் பாருங்கள். இன்னொருத்தி நின்றபடி கிண்ணம் துடைக்கிறாள்.

உட்டாமாரோவின் பெண்கள் முகம் சுளிப்பதே அபூர்வம். அவர் வரைந்த விலைமகளிர் அழும்போதும் நெற்றியில் கோடு விழாது. அடுப்புப் புகைக்கு மட்டும் அந்த அழகு முகம் விட்டுக்கொடுத்திருக்கிறது. நான் இணையத்தில் இதன் இரண்டு மூன்று பிரதிகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொன்றிலும் புகையின் அச்சு ஒவ்வொரு மாதிரி இருக்கும். அச்சடித்தவர் அன்றைக்கு எவ்வளவு சாயம் தடவினாரோ அவ்வளவு புகை.

இந்தப் பெண்கள் யார் என்று படிக்கச் சில அடையாளங்கள் உண்டு. புருவம் இல்லையென்றால் அவள் கல்யாணமாகிப் பிள்ளையும் பெற்றவள் என்று அநேகமாகச் சொல்லிவிடலாம். எடோ வழக்கப்படி கல்யாணத்தையொட்டிப் பல்லைக் கறுப்பாக்கிக்கொள்வார்கள், குழந்தை பிறந்ததும் புருவத்தை மழித்துவிடுவார்கள். பல்லை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, எடோவில் விலைமகளிருக்கென்று அரசு ஒதுக்கிய பகுதியான யோஷிவாராவின் பெண்களும் பல்லைக் கறுப்பாக்கிக்கொண்டார்கள். அந்தக் கறுப்பு ஒரு சமையல் மாதிரி: இரும்புத் துண்டுகளைப் புளித்த நீரில் ஊறப்போட்டு எடுத்த வடிநீரோடு, பூச்சியால் மரத்து இலையில் புடைக்கும் துவர்ப்புக் காயின் பொடியைக் கலந்து, சில நாளுக்கு ஒருமுறை தடவ வேண்டும். இரும்பும் துவர்ப்பும் சேர்ந்தால் மை. அந்த மையில்தான் எத்தனையோ தேசத்தில் கடிதம் எழுதினார்கள், இங்கே பல்லில் பூசிக்கொண்டார்கள். 1870களில், மேற்கத்தியர் பார்த்து முகம் சுளிக்கிறார்கள் என்று, அரச குடும்பத்திலிருந்து இது நின்றது. அதற்கு முந்தைய படங்களில் ஒரு பெண் வாயைத் திறந்து சிரித்தால் உள்ளே இருட்டாக இருக்கும். முதல் தடவை பார்ப்பவர்கள் அச்சுப் பிழை என்று நினைப்பார்கள்.

தையலும் அப்படித்தான், பின்னணி தெரியாமல் பார்த்தால் பொழுதுபோக்கு மாதிரித் தெரியும். நல்ல கிமோனோவை முழுசாகத் துவைக்க மாட்டார்கள். தையலைப் பிரித்து, துண்டு துண்டாக அலசி, கடற்பாசிக் கஞ்சி போட்டு, பலகையில் ஒட்டி இழுத்துக் காயவைத்து, மறுபடி தைப்பார்கள். ஒவ்வொரு சலவைக்கும் ஒரு தையல். பெண்கள் நீளத் துணியை ஆளுக்கொரு முனையில் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்கும் படங்கள் ஏன் இத்தனை என்று எனக்கு இதைப் படித்த பிறகுதான் விளங்கியது. உட்டாமாரோவின் 'ஊசி வேலை' என்ற மூன்று தாள் படத்தில் ஒருத்தி மெல்லிய துணியைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் குறை பார்க்கிறாள். துணிக்குப் பின்னால் இருப்பது துணி வழியாகத் தெரிகிறது. மரக்கட்டையில் ஒளி ஊடுருவும் துணியை அச்சடிப்பது லேசான காரியமில்லை. அச்சுக்காரருக்குத் தன் திறமையைக் காட்ட இதைவிட நல்ல சாக்கு கிடைத்திருக்காது. அதே படத்தில் ஒரு பொடியன் பூனைக்குக் கண்ணாடியைக் காட்டி அதை வம்புக்கிழுக்கிறான். துணியில் குறை தேடுகிறவளுக்கு இது எதுவும் காதில் விழுவதாகத் தெரியவில்லை.

இவற்றை யார் வாங்கினார்கள்? தாள் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் விலை. யோஷிவாராவின் பெரிய வாசலருகே கடை வைத்துப் பிழைப்பைத் தொடங்கி, 1783இல் எடோவின் வியாபார மையமான நிஹோன்பாஷிக்கு இடம் மாறி, உட்டாமாரோவை உருவாக்கிய பதிப்பாளர் ட்சுதாயா ஜூசாபுரோவுக்கு வியாபாரம் நன்றாகத் தெரியும். ஆண்கள் பெண் முகத்துக்காக வாங்கினார்கள். பெண்கள் என்ன புதுத் துணி வந்திருக்கிறது, கொண்டையை எப்படிப் போடுகிறார்கள் என்று பார்க்க வாங்கினார்கள். ஊருக்குத் திரும்புகிறவர்கள் எடோவின் ஞாபகமாக வாங்கிப்போனார்கள். விசிறியில் ஒட்டுவதற்கென்றே வளைவாக அச்சடித்த படங்களும் உண்டு. கோடை முழுக்க விசிறிக் கிழிந்ததும் குப்பைக்குப் போகும். மிஞ்சியவை கொஞ்சம்தான்.

அடுப்பங்கரை வரைந்தவர்கள் அதற்கு முந்தின வாரம் விலைமகளிரை வரைந்தவர்கள் என்பதை மறைத்துப் பேசக் கூடாது. யோஷிவாராவின் பெண்கள் பெரும்பாலும் ஏழைக் குடும்பங்கள் சிறுவயதில் விற்றுவிட்ட பிள்ளைகள். அவர்களைப் பட்டும் சீப்புமாக வரைந்த படங்கள் அந்த வீடுகளுக்கு விளம்பரம். வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் ஓவியர் அதே முகத்தை, அதே கழுத்து வளைவைக் கொடுத்தார், அதுதான் விற்கும் என்பதால். காய் நறுக்கும்போதும் தோளிலிருந்து துணி கொஞ்சம் நழுவியிருப்பது தற்செயல் இல்லை. 1798 முதல் 1800க்குள் வந்த பன்னிரண்டு தாள் பட்டுப்புழுத் தொடரில் இது இன்னும் பட்டவர்த்தனம். முசுக்கட்டை இலை பறிப்பதிலிருந்து, அந்துப்பூச்சி முட்டையிடுவது, கூட்டை வெந்நீரில் போட்டு நூல் பிரிப்பது, நெசவு வரை எல்லாம் முறைப்படி இருக்கிறது. மேலே விளக்கமும் எழுதியிருக்கிறது. செய்கிற பெண்களோ எடோவின் தெருவில் உலாப் போகிறவர்கள் மாதிரி சீவி முடித்து நிற்கிறார்கள். புழு வளர்க்கும் கொட்டிலில் இலை நாற்றமும் கூடு வேகும் நாற்றமும் சேர்ந்து எப்படி இருக்கும் என்பதற்குப் படத்தில் தடயம் இல்லை. பட்டு உடுத்துகிறவர்களுக்கு விற்ற படம் அது.

ஆனாலும் கூட்டிலிருந்து நூல் முனையைத் தேடி எடுக்கும் இரண்டு விரல்கள் இருக்கின்றனவே, அவற்றைக் கற்பனையில் வரைய முடியாது என்றுதான் எனக்குப் படுகிறது.

அரசாங்கமும் தன் பங்குக்குப் பெண்களை அடுப்படிக்குத் தள்ளியது. 1793இல், விலைமகளிர் தவிர வேறு பெண்களின் பெயரைப் படத்தில் போடக் கூடாது என்று உத்தரவு வந்தது. அதுவரை தேநீர்க் கடை ஓகிதா, அரிசி அப்பளக் கடை ஓஹிசா என்று பெயரோடு படம் போட்டு, அந்தக் கடை வாசலில் கூட்டம் கூடியது. உத்தரவு வந்ததும் பெயருக்குப் பதில் பட விடுகதை போட்டார்கள். 1796இல் அதையும் தடுத்தார்கள். 1800இல் பெரிய முகப் படங்களுக்கும் தடை. 1804இல் உட்டாமாரோ, ஹிதெயோஷி என்ற பழைய ஆட்சியாளரைப் படத்தில் வரைந்த குற்றத்துக்காக ஐம்பது நாள் கையில் விலங்கோடு கிடந்தார். இரண்டு வருஷத்தில் செத்துப்போனார். வரைகிறவனுக்குக் கையில் விலங்கு மாட்டியிருக்கிறார்கள், நன்றாக யோசித்துத்தான் தண்டனை கொடுத்திருக்கிறார்கள்.

பெரிய அடி 1842இல் விழுந்தது. சிக்கனம், ஒழுக்கம் என்று கிளம்பிய சீர்திருத்தத்தில் நாடக நடிகர், விலைமகளிர், கெய்ஷா படங்கள் மூன்றுக்கும் சேர்த்துத் தடை. பதிப்பாளர்களின் வருமானமே அந்த மூன்றுதான். நல்லொழுக்கம் போதிக்கும் படம் போடு என்றால் என்ன போடுவது? தாயும் பிள்ளையும், தையல், சாப்பாடு, பண்டிகைக்கு வீடு பெருக்குவது. வீட்டுப் பெண் படங்கள் அந்த வருஷங்களில் அதிகமானதற்கு யாருடைய மனமாற்றமும் காரணமில்லை, தணிக்கைதான் காரணம்.

அந்த இடுக்கில்தான் உட்டாகாவா குனியோஷி 1844 வாக்கில் கட்டம் போட்ட கிமோனோப் பெண்களை வைத்து ஒரு தொடர் போட்டார். அந்தக் கட்டத்துக்கு பென்கேய் என்ற முரட்டு வீரத் துறவியின் பெயர். ஆகவே ஒவ்வொரு படத்திலும் ஒரு சாதாரணப் பெண் பென்கேயின் சாகசம் ஒன்றைத் தெரிந்தும் தெரியாமலும் நடத்துவாள். அதில் ஒரு படம்: அம்மா தட்டில் சுஷி எடுத்து வருகிறாள், இறாலும் முட்டைச் சுருளும் மேலே தெரிகின்றன. பிள்ளை அவள் துணியைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டித் தாவுகிறது. அவள் தட்டை உயர்த்திப் பிடித்திருக்கும் உயரத்தைக் கவனிக்க வேண்டும். பிள்ளைக்கு எட்டாது, ஆனால் அழவும் வைக்காது. குனியோஷிக்குப் பூனைப் பைத்தியம் என்று எல்லோரும் எழுதுவார்கள். இந்தத் தட்டின் உயரத்தைப் பற்றி யாராவது எழுதியிருந்தால் தேவலை.

சரி, படங்களை உண்டாக்கிய பட்டறையில் பெண்கள் உண்டா? படத்தில் உண்டு. உட்டாகாவா குனிசாடா 1857இல் போட்ட மூன்று தாள் படத்தில் அச்சுப் பட்டறை முழுக்கப் பெண்கள்தான். ஒருத்தி உளியைச் சாணைக்கல்லில் தீட்டுகிறாள், ஒருத்தி கட்டையைச் செதுக்குகிறாள், ஒருத்தி தாளுக்குப் பசையும் படிகாரமும் கலந்த நீரைப் பூசிக் கொடியில் போடுகிறாள். உட்டாமாரோவும் முன்பே இப்படி ஒன்று போட்டிருக்கிறார். வேலை முறை அத்தனையும் துல்லியம். செய்கிறவர்கள் மட்டும் மாற்றம். உண்மையில் எடோப் பட்டறைகளில் செதுக்கியவர்களும் அச்சடித்தவர்களும் ஆண்கள். வியர்த்து வழியும் நாலு ஆண்களின் படத்தைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள் என்று பதிப்பாளர் நினைத்திருப்பார்.

அந்த ஆண்களின் வேலையையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஓவியர் மெல்லிய தாளில் மையால் வரைந்து கொடுப்பார். அதைக் காட்டுச் செர்ரிப் பலகை மேல் கவிழ்த்து ஒட்டிச் செதுக்குவார்கள். மூல வரைபடம் அதோடு அழிந்துவிடும். நிறத்துக்கு ஒரு கட்டை. எல்லாக் கட்டையிலும் மூலையில் ஒரு வெட்டு, ஓரத்தில் ஒரு வெட்டு. தாளை அதில் முட்டக் கொடுத்து வைத்தால் நிறம் நகராது. மூங்கில் மட்டை சுற்றிய வட்டத் தட்டால் தாளின் முதுகைத் தேய்த்து அச்செடுப்பார்கள். அச்சு இயந்திரம் எதுவும் கிடையாது. துணியையும் பின்னணியையும் உதவியாளர்கள் செதுக்குவார்கள். முகமும் தலைமுடியும் தலைமைச் செதுக்காளருக்கு மட்டும். நெற்றியோரத்தில் முடி தோலிலிருந்து புறப்படும் இடத்தில், ஒரு மில்லிமீட்டருக்குள் இரண்டு மூன்று இழை நிற்கும்படி மரத்தை எடுக்க வேண்டும். நாம் உட்டாமாரோவின் கோடு என்று வியப்பதில் பாதி, பெயர் தெரியாத அந்தச் செதுக்காளரின் கோடு.

பெண்கள் முழுக்க வெளியே நிற்கவில்லை. ஹொகுசாயின் மகள் கட்சுஷிகா ஓயி அப்பாவோடு சேர்ந்தும் தனியாகவும் வரைந்தவர். 1847இல் பெண்களுக்கான வீட்டுக் கையேடு ஒன்று அச்சானது. கல்யாண முறை, மரியாதை, பிள்ளைப்பேறு, அன்றாட வேலை என்று ஒரு பெண்ணுக்குத் தெரிய வேண்டியதாக அந்தக் காலம் நினைத்ததெல்லாம் அதில் இருக்கிறது. படங்கள் ஓயி வரைந்தவை. இதில் ருசியான விஷயம், ஓயிக்கும் வீட்டு வேலைக்கும் ஆகவே ஆகாது என்று சொல்வார்கள். அப்பாவும் மகளும் கடையில் வாங்கிச் சாப்பிட்டு, பொட்டலத்தை அங்கேயே போட்டுவிட்டு வரையப் போய்விடுவார்களாம். வீடு தாங்காத அளவு குப்பை சேர்ந்ததும் வேறு வீடு. ஹொகுசாய் 93 முறை வீடு மாறியதாகக் கணக்கு. சீடர் ஒருவர் அவர்கள் வீட்டை வரைந்த கோட்டோவியம் இருக்கிறது: கிழவர் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து வரைகிறார், ஓயி பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார், சுற்றிலும் அலங்கோலம். குடும்பப் பெண் எப்படி இருக்க வேண்டும் என்ற புத்தகத்துக்குப் படம் வரைந்தவர் அவர்தான்.

1890 வசந்தத்தில் பாரிஸின் நுண்கலைப் பள்ளியில் பெரிய ஜப்பானிய அச்சுக் கண்காட்சி நடந்தது. அமெரிக்க ஓவியர் மேரி கசாட் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அடுத்த ஆண்டுக்குள் பத்து வண்ண அச்சுப் படங்கள் போட்டார்; மரத்தில் இல்லை, செப்புத் தகட்டில். குழந்தையைத் தொட்டியில் இறக்கும் முன் தண்ணீரின் சூட்டைக் கையால் பார்ப்பவள், கடிதத்தின் உறையை நாக்கால் நனைத்து ஒட்டுபவள், துணி அளவு பார்க்க அசையாமல் நிற்பவள். உட்டாமாரோவைப் பார்த்த ஐரோப்பிய ஆண்களில் பலர் யோஷிவாராவைப் பிடித்துக்கொண்டார்கள். பிரெஞ்சு ஓவியர் டெகா, ஜப்பானிய ஓவியர் கியோனாகாவின் பெண்கள் குளியலறைப் படத்தைத் தன் வீட்டிலேயே வைத்திருந்தார். கசாட் பிடித்துக்கொண்டது தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் கையை. நான் சொல்ல வருவதை அவர் நூறு வருஷத்துக்கு முன்பே பார்த்துவிட்டார் என்று அற்ப சந்தோஷம் எனக்கு.

ஜப்பானில் அதற்குள் தையல் இயந்திரம் வந்துவிட்டது. 1887இல் அரசி, பெண்கள் மேலை உடை உடுத்தலாம் என்று கருத்து வெளியிட்டார். அதே ஆண்டில் அடாச்சி கின்கோ போட்ட மூன்று தாள் படத்தில் பின்புறம் உப்பிய கவுன் போட்ட சீமாட்டிகள் இயந்திரத்தில் தைக்கிறார்கள். இறக்குமதிச் சாயத்தில் கண்ணைப் பறிக்கும் சிவப்பு. மறு வருஷம் ட்சுகியோகா யோஷிதோஷி, முப்பத்திரண்டு பெண்களை முப்பத்திரண்டு உணர்ச்சியில் வரைந்தார். புகை தாங்காதவள், கொசுவலையிலிருந்து அரிப்போடு வெளியே வருகிறவள், பூனையைப் பிடித்து இறுக்கிக்கொண்டு அதன் உயிரை வாங்குகிறவள். முகத்தைப் பார்க்காதே என்று சொன்ன நானே இந்தத் தொடரில் முகத்தைத்தான் பார்க்கிறேன். அரிப்பும் எரிச்சலும் முகத்தில் ஏற எடோ காலம் முடிய வேண்டியிருந்தது.

இருபதாம் நூற்றாண்டுப் படங்களில் எனக்கு அவ்வளவாக மனம் ஒட்டவில்லை. வாட்டனாபே ஷோசாபுரோ என்ற பதிப்பாளர் பழைய பட்டறை முறையைப் புதுப்பித்தார். இட்டோ ஷின்சுயின் 1916ஆம் ஆண்டுக் கண்ணாடி முன் பெண், ஹஷிகுச்சி கோயோவின் 1920ஆம் ஆண்டுத் தலைவாரும் பெண் இரண்டும் தொழில்நுட்பத்தில் உட்டாமாரோவுக்குக் குறைந்தவை இல்லை. கோயோ வரைந்த அந்த முடியை மணிக்கணக்கில் பார்க்கலாம். ஆனால் எல்லாப் பெண்களும் தனியாக இருக்கிறார்கள். கண்ணாடி, சீப்பு, குளியல், மறுபடி கண்ணாடி. அடுப்பு காணோம், பிள்ளை காணோம், பேச்சுத் துணைக்கு இன்னொருத்தி காணோம். வாங்கியவர்களில் பெரும்பகுதி அமெரிக்கர்கள். 1930இலும் 1936இலும் ஒஹாயோவின் டொலிடோ அருங்காட்சியகத்தில் இவற்றுக்குப் பெரிய கண்காட்சிகள் நடந்தன. கடல் தாண்டி விற்கும் பெண்ணுக்கு வேலை எதுவும் இருக்கக் கூடாது போலிருக்கிறது.

அந்தக் காலத்து வேலை செய்யும் கையைத் தேடினால் அச்சை விட்டு வெளியே போக வேண்டும். கியோட்டோவில் உஎமுரா ஷோஎன் பட்டில் வரைந்துகொண்டிருந்தார். பிறக்கும் முன்பே அப்பா இறந்துவிட, தேயிலைக் கடை நடத்தி அம்மா தனியாளாக வளர்த்த பெண். 1941இல் வரைந்த படத்தில் ஒருத்தி சாயங்கால வெளிச்சத்தில் கதவருகே நின்று ஊசியில் நூல் கோக்கிறாள். 1943இல் வரைந்ததில் காகிதக் கதவில் விழுந்த ஓட்டையை ஒட்டுப்போட்டு அடைக்கிறாள் ஒரு பெண். போர் உச்சத்திலிருந்த வருஷம் அது. ஓட்டையை ஒட்டிவிட்டு விரலால் தடவும்போது எவ்வளவு அழுத்தலாம், எவ்வளவு அழுத்தினால் தாள் இன்னும் கிழியும் என்று தெரிந்த விரல் அது. ஐந்து வருஷம் கழித்து ஷோஎன், ஜப்பானின் பண்பாட்டு விருதைப் பெற்ற முதல் பெண் ஆனார்.

பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு நிறத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அருங்காட்சியகச் சுவரில் மாட்டிய படங்களில் பெண்கள் எல்லோரும் காவியும் பழுப்புமாக உடுத்தியிருப்பதைப் பார்த்து, அந்தக் காலத்து ரசனையே அடக்கமானது என்று நினைத்துவிட வேண்டாம். காலையில் பூத்து மதியத்துக்குள் வாடும் ஒரு நீலப்பூவின் சாறுதான் ஹரூனொபு காலத்து நீலம். அதோடு குசும்பாப்பூச் சிவப்பைக் கலந்தால் ஊதா. இரண்டுமே வெளிச்சத்தில் ஓடிவிடும். வானம் மண் நிறமாகும், ஊதாக் கிமோனோ பழுப்பாகும். இதற்குப் பயந்துதான் ஸ்பால்டிங் சகோதரர்கள் 1921இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த சுமார் 6,500 படங்களை எக்காலத்திலும் பொதுக் காட்சிக்கு வைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். இன்றுவரை வைக்கவில்லை. ஆனால் படம்பிடித்து அருங்காட்சியகத்தின் தளத்தில் போட்டிருக்கிறார்கள். ஒரே படத்தின் ஸ்பால்டிங் பிரதியையும் வேறு ஊர்ப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் பாருங்கள். ஹரூனொபுவிலிருந்து தொடங்குவது நல்லது, அவருடைய நீலம்தான் அதிகம் ஓடிப்போனது. தேடும்போது ஓவியர் பெயரையும் ஆண்டையும் சேர்த்துக் கொடுங்கள். பெண்கள் என்று மட்டும் கொடுத்தால் முழுக்க யோஷிவாராதான் வந்து நிற்கும்.